நிலைவழியும் மீள்வழியும்

வலையமைப்பிலே ரவுட்டர் எனப்படும் வழிப்படுத்தி, தன் வழியட்டவணையை நோக்கியே தரவுப் பொதிகளைச் செலுத்தும். அவ்வட்டவணையில் மனிதர் கையால் எழுதிவைப்பது நிலைவழியாம். பிழைபட எழுதினும் கருவி அதன்படியே ஒழுகும்.

வெள்ளவத்தையில் 192.168.10.0 என்னும் வலையும், கொட்டாஞ்சேனையில் 192.168.20.0 என்னும் வலையும் இரு வழிப்படுத்திகளால் இணைக்கப்பட்டுள்ளன எனக் கொள்க. எழுதிய நிலைவழியே வெள்ளவத்தைக் கணினியின் பொதி கொட்டாஞ்சேனையை அடைகின்றது, மறுமொழியோ வரவில்லை. காரணம் யாதெனின், கொட்டாஞ்சேனை வழிப்படுத்தியில் மீள்வழி எழுதப்படாமையே. ஆயினும் வெள்ளவத்தை வழிப்படுத்தியிலிருந்தே 'பிங்' என்னும் சோதனையைச் செய்யின் மறுமொழி கிடைக்கும். அப்பொதி தாங்கும் இணைப்பு முகவரி எதிர்முனைக்கு நேரே தெரிந்ததாதலின். இவ்வேறுபாடு நோயைக் காட்டும் குறியாம். இருமுனை அட்டவணைகளையும் ஒப்புநோக்கி, விடுபட்ட வழியை எழுதக் குறை தீரும்.

நிற்க, ஒரு முகவரிக்கு இரு வழிகள் பொருந்துமாயின், குறுகிய வரம்புடையதே கொள்ளப்படும். 2008 பெப்ரவரி 24 இல், யூடியூபைத் தன்னாட்டில் தடுக்க விழைந்த பாகிஸ்தான் டெலிகாம், 1,024 முகவரிகள் கொண்ட அதன் தொகுதியுள் 256ஐச் சுட்டும் வழியொன்றை வகுத்தது. அது பிறநாடுகளுக்கும் அறிவிக்கப்பட்டுப் பரவ, உலகின் பல பாகங்களில் அத்தளம் ஏறத்தாழ இரண்டு மணிநேரம் முடங்கியது. ஆதலின், கம்பியை ஐயுறுமுன் அட்டவணையை ஐயுறுதல் முறையாம்.