சால் கட்டிய கவலை

கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் வட ஆர்க்காட்டுப் பக்கம் அந்த இறைப்புக்குக் ‘கவலை’ என்றே பெயர். மற்ற ஊர்களில் கமலை, கபிலை என்பார்கள். மாடுகள் சரிவில் இறங்கும். ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் அள்ளும் பாத்திரமான சால் நிறைந்து மேலே வந்து, தோல் வால் வழியே தொட்டியில் கொட்டும். மாடுகள் பின்னுக்கே நடந்து மேடேறும். காலையிலிருந்து வெயில் ஏறும்வரை அதே தடத்தில்தான் போக்கும் வரவும். ஆனால் வாய்க்கால் ஓரமாக நடந்துபோய்ப் பார்த்தால் கடைசிப் பாத்தி நனைந்திருக்கும்.

மனசில் ஓடுகிற கவலைக்கும் அதே பெயர் எப்படி வந்தது என்பதை மொழி அறிந்தவர்கள் சொல்லட்டும். போக்குவரத்து என்னவோ ஒன்றுதான். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, ஒரே நினைப்பில் நூறு தடவை இறங்கி ஏறுகிறோம். சால் கட்டாமல் ஓட்டுகிறோம் என்பதுதான் துயரம்.

அதே வட ஆர்க்காட்டுப் பக்கம், திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் புதூர்நாடு. பக்கத்தில் புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு. ‘மலையாளி’ என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் ஊர்கள் இவை. கேரளத்தின் மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. சாமையும் கேழ்வரகும் விளையும் நிலம், புளியமரம், பலாமரம். இங்கே போய் ஒருவரிடம் “கவலைப்படாதீங்க” என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஏனென்றால் இந்த மலையின் கவலைகள் கற்பனையில் பிறந்தவை அல்ல. மழை தவறினால் சாமை இல்லை. வேலை தேடி வெளி மாநிலம் போன மகன் திரும்புகிறவரை வீட்டுக்குத் தூக்கம் இல்லை. சாதிச் சான்றிதழ் வராவிட்டால் பிள்ளையின் மேற்படிப்பு நின்றுபோகும். பேறுகால வலி நடு இரவில் வந்தால் மலைப்பாதை இறங்கியாக வேண்டும். 2022 ஏப்ரல் 2 அன்று, சேம்பரை மலைக்கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் உருண்டு 11 உயிர்கள் போயின. அந்தப் பாதைகளில் வண்டி ஏறும்போது நெஞ்சு படபடப்பது பயந்த சுபாவத்தால் அல்ல.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தீராத கவலை நோய் உள்ள சிலரை, தங்கள் கவலைகளை அவ்வப்போது எழுதிவைக்கச் சொல்லி, பிறகு எத்தனை பலித்தன என்று எண்ணிப் பார்த்தார்கள். 91 விழுக்காட்டுக்கு மேல் பலிக்கவே இல்லை. இந்த எண்ணைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடைதோறும் சொல்லலாம். வறுமையும் தூரமும் உள்ள ஊரில் கணக்கு இவ்வளவு தாராளமாக இருக்காது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அவர்கள் செய்ததில் எல்லா ஊருக்கும் உதவும் ஒரு காரியம் உண்டு: எழுதிவைத்தல். எழுதிய கவலை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. எது பலித்தது, எது வெறும் இரவுப் பேச்சு என்று பிறகு நாமே பார்த்துக்கொள்ளலாம்.

1983-லேயே அதே பல்கலைக்கழகத்தின் போர்க்கோவெக்கும் அவருடைய கூட்டாளிகளும், கவலைக்கென்று தினமும் ஒரே இடத்தில் அரை மணி நேரம் ஒதுக்கச் சொன்னார்கள். மற்ற நேரத்தில் வந்தால், “சாயங்காலம் பார்த்துக்கலாம்” என்று அனுப்பிவிட வேண்டும். கவலை குறைந்தது. 2011-ல் மஸிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் இன்னொன்றைக் கண்டார்கள். முடிக்காத வேலை மனசைக் குடைகிறது. ஆனால் அதை எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று திட்டம் போட்டாலே, வேலை முடியாதபோதும் குடைச்சல் அடங்குகிறது. சால் கட்டுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

சால் கட்டவே முடியாத கவலைகளும் உண்டு. இதே மலையில், காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1960-களின் கடைசியில் சிறு தொலைநோக்கியோடு தொடங்கிய இடம். மேகம் மூடினால் அங்கே எந்த விஞ்ஞானியாலும் ஒன்றும் செய்ய இயலாது. வானம் திறக்கிற இரவுக்குக் கருவியைத் தயாராக வைத்திருப்பது மட்டுமே அவர்கள் கையில். 1977 மார்ச் 10 இரவு அப்படித் தயாராக இருந்ததால்தான், யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, அந்தக் கிரகத்துக்கு வளையங்கள் உண்டு என்று உலகுக்குத் தெரிவித்த பதிவுகளில் காவலூரின் பதிவும் ஒன்றானது. அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கிக்காகப் பாடுபட்ட வானியலாளர் வைணு பாப்பு, அது முடியும் முன்பே 1982-ல் இறந்துபோனார். 1986-ல் அதற்கு அவர் பெயர் சூட்டினார்கள்.

இனி, சால் கட்டிய ஒருவர்: ஸ்ரீபதி. ஜவ்வாது மலையை ஒட்டிய புலியூரைச் சேர்ந்தவர், மலையாளிப் பழங்குடிப் பெண். ஏலகிரி மலையில் பள்ளிப் படிப்பு, பிறகு பி.ஏ., பி.எல். டி.என்.பி.எஸ்.சி. நடத்திய உரிமையியல் நீதிபதி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது கருவுற்றிருந்தார். 2023 நவம்பரில் சென்னையில் முதன்மைத் தேர்வு. குழந்தை பிறந்து இரண்டே நாள். பச்சை உடம்புக்காரி, 200 கிலோமீட்டருக்கு மேல் காரில் போய்த் தேர்வு எழுதினார். 2024 பிப்ரவரியில் தேர்வான செய்தி வந்தபோது அவருக்கு வயது 23.

பத்திரிகைகள் அவருடைய துணிச்சலைக் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். எனக்கோ அந்தக் கார்தான் திரும்பத் திரும்ப நினைவில் வருகிறது. மருத்துவரிடம் கேட்டு, பிள்ளை பெற்ற உடம்பு தாங்கும்படி காருக்குள் ஏற்பாடு செய்து, கணவரும் வீட்டாரும் உடன் நின்றிருக்கிறார்கள். ‘போக முடியுமா’ என்ற பெரிய கவலை அங்கே சின்னச் சின்ன வேலைகளாகப் பிரிந்து பல கைகளுக்குப் போய்விட்டது. அரசின் கையும் அதில் இருந்தது: தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம். அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் தம் வாழ்த்தில் இந்த முன்னுரிமையையே எடுத்துச் சொன்னார். ஒருவர் வளர்ச்சி என்று நாம் எழுதுவதெல்லாம் இப்படிப் பலர் வடம் பிடித்ததுதான். ‘உனக்குள்ளே தேடு’ என்று பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன், அவர்கள் கூட நிற்க யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கூட நிற்க ஆளில்லாதவர்களுக்கும், வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டுப்போனவர்களுக்கும் 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் தமிழில் இயங்கும் அரசு மனநல உதவி எண், கட்டணம் கிடையாது. காய்ச்சலுக்கு மாத்திரை கேட்பதுபோல இதையும் கேட்கலாம்.

ஸ்ரீபதியிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. தேர்வு நாள் பற்றியது அல்ல. எழுதி முடித்து மலைப் பக்கம் திரும்பியாயிற்று. மடியில் கைக்குழந்தை. நேர்முகத் தேர்வும் முடிவும் வருகிறவரை மூன்று மாதம் போல இருக்கிறது. செய்வதற்கு அதிகம் இல்லாத அந்த இரவுகளில், குழந்தை அழுது எழுப்பிய பிறகு, மறுபடி எப்படித் தூங்கினீர்கள் அம்மா?