சிவப்பு மாத்திரையின் மும்பைக் கதை

ரிப்போர்ட்டில் யாரும் படிக்காத வரி

நவி மும்பை கோபர்கைரனேயில் தீன் டாக்கி பக்கம் போனால் திரும்பிய இடமெல்லாம் ரத்தப் பரிசோதனைக்கூடம்தான். காலையில் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு லோக்கலைப் பிடித்தால், சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிடும். அதில் எல்லோரும் தேடுவது ஹீமோகுளோபின் என்ற ஒரே எண்ணை. பெண்களுக்கு 12-க்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: “ரத்தம் கம்மியா இருக்கு, பேரீச்சம்பழம் சாப்பிடு.”

அதே தாளில் சில வரிகள் தள்ளி எம்.சி.வி. என்று ஒன்று இருக்கும். சிவப்பணு ஒன்றின் சராசரிப் பருமன் அது. சாதாரணமாக 80 முதல் 100 வரை இருக்கும். 80-க்குக் கீழே இறங்கினால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன என்று பொருள். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு, சிலருக்கு மரபுவழி வரும் தலசீமியா. 100-ஐத் தாண்டினால் அணுக்கள் பெருத்திருக்கின்றன. அப்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது ஃபோலிக் அமிலக் குறைவையும் பி12 குறைவையும். தைராய்டு, மதுப்பழக்கம், கல்லீரல் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. இரும்பும் ஃபோலிக் அமிலமும் ஒன்றாகக் குறைந்தவர்களுக்கு இந்த எண் நடுவில் நின்று ஏமாற்றும். அதனால்தான் ரிப்போர்ட்டைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டுவதோடு நிறுத்தாமல் டாக்டரிடமும் காட்ட வேண்டியிருக்கிறது.

ரத்தசோகை என்றாலே இரும்பு என்று நமக்குப் பழகிவிட்டது. பெருத்த அணுக்களின் ரத்தசோகை வேறு கதை. அந்தக் கதையின் முக்கியமான அத்தியாயம் எழுதப்பட்டது இதே மும்பையில்.

பரேல், 1928

கோபர்கைரனேயிலிருந்து தானே ஸ்டேஷனுக்குப் போய், அங்கே ஸ்லோ லோக்கல் மாறினால் பரேல். பழைய கவர்னர் மாளிகையில் இயங்குகிறது ஹாஃப்கின் நிறுவனம். பிளேக் தடுப்பூசியால் பேர் பெற்ற இடம். 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் அங்கே வந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்து, பிறகு மருத்துவத்துக்கு வந்தவர். பிரசவ மரணங்களைப் பற்றிய ஆய்வு ஒன்றில் சேரும்படி அவரை அழைத்தவர் டாக்டர் மார்கரெட் பால்ஃபோர்.

பம்பாயின் துணி மில்களில் வேலை பார்த்த ஏழைப் பெண்களில் பலர் கர்ப்பகாலத்தில் கடுமையான ரத்தசோகையில் விழுந்தார்கள், சிலர் எழவே இல்லை. அவர்கள் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவத்தில் பெருத்துக் கிடந்தன. ஏதாவது கிருமியா, நஞ்சா என்று கேள்விகள் இருந்தன. லூசி வில்ஸ் வேறொன்றையும் பார்த்தார். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வகுப்புவாரியாகக் கேட்டு எழுதினார். மிக மோசமான சாப்பாடு ஏழை முஸ்லிம் பெண்களுடையது. ரத்தசோகையும் அவர்களிடம்தான் அதிகம். பழமும் காய்கறியும் பாலும் அவர்கள் தட்டில் அரிதாகவே இருந்தன.

பொருந்தி வருகிறது என்பதாலேயே அது காரணம் ஆகிவிடாது.  ஏழைகளுக்குச் சாப்பாடு மட்டுமா மோசம்? வீடு, தண்ணீர், வேலை நேரம் எல்லாமே மோசம். எது காரணம் என்று தெரிய வேண்டுமென்றால், மற்ற எல்லாவற்றையும் சமமாக வைத்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

எலி, பேன், குரங்கு

முதலில் எலிகள். அந்தப் பெண்கள் சாப்பிட்ட அதே சாப்பாட்டைக் கர்ப்பிணி எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் ரத்தசோகை வந்தது, பல எலிகள் குட்டி போடும் முன்பே செத்தன. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தால் நோய் வரவில்லை. இங்கேயே வெற்றி என்று எழுதிவிட்டு ஒருவர் ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் எலிகளின் ரத்தத்தில் பேன் மூலம் பரவும் பார்ட்டொனெல்லா என்ற கிருமி இருந்தது பிறகு தெரிந்தது. ரத்தசோகை சாப்பாட்டால் வந்ததா, கிருமியால் வந்ததா என்று பிரிக்க முடியாமல் போனது. அந்த முடிவை நம்பி மேலே கட்ட முடியாது.

எனவே அடுத்தது ரீசஸ் குரங்குகள். அதே குறையுள்ள சாப்பாடு, அதே ரத்தசோகை. மார்மைட் கொடுத்ததும் குரங்கு தேறியது. மார்மைட் என்பது பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் கறுத்த, உப்புக் கரிக்கும் பசை. ஆங்கிலேயர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது, விலையும் மலிவு. பிறகு அதைப் பெண் நோயாளிகளுக்குக் கொடுத்தார். சில நாட்களிலேயே புதிதாகப் பிறந்த இளம் சிவப்பணுக்கள் ரத்தத்தில் பெருகின. 1931-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது கட்டுரையாக வந்தது.

இந்த ஆய்வில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. 1929-இல் சில மாதங்கள் அவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்தார். 1931 தொடக்கத்தில் சென்னையில் ஜாதி–கோஷா மருத்துவமனையில் இருந்தார். திருவல்லிக்கேணிக்காரர்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொரு நுணுக்கம். பெருத்த அணு ரத்தசோகையில் இன்னொரு வகைக்கு ஈரல்தான் மருந்து என்று 1926-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த நோய்க்குக் கேட்ட சுத்திகரித்த ஈரல் சாறு பம்பாய்ப் பெண்களுக்குக் கேட்கவில்லை. சுத்திகரிக்காத சாறு கேட்டது, மார்மைட்டும் கேட்டது. அப்படியானால் ஈரலில் இருக்கும் பொருள்கள் இரண்டு, ஒன்றல்ல. ஒன்று பின்னாளில் பி12 ஆனது. இன்னொன்றுக்கு அப்போதைக்கு ‘வில்ஸ் காரணி’ என்று பேர் வைத்தார்கள். அதுதான் ஃபோலிக் அமிலத்தின் குடும்பம்.

ஒரே ஒரு கார்பன்

அந்தப் பொருள் உடம்புக்குள் என்ன செய்கிறது? எலும்பு மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. ஒவ்வொன்றின் ஆயுளும் ஏறத்தாழ 120 நாள். இவ்வளவு வேகமாகப் பிரிய வேண்டிய செல், ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் தன் டி.என்.ஏ. முழுவதையும் பிரதி எடுத்தாக வேண்டும். டி.என்.ஏ.வில் நான்கு எழுத்துகள், அதில் ஒன்று தைமின். யூராசில் என்ற பொருளோடு ஒரு கார்பனை (மீத்தைல் தொகுதியாக) ஒட்டினால் தைமின் கிடைத்துவிடும். அந்த ஒரு கார்பனைக் கொண்டுவந்து கொடுப்பது ஃபோலேட், அதாவது அந்த ஃபோலிக் அமிலக் குடும்பம். நம் ஏரியாவில் பைக்கில் அலையும் டெலிவரி பையன்கள் மாதிரி அதன் வேலை: செரின் என்ற அமினோ அமிலத்திடம் பார்சலை வாங்கி, யூராசிலிடம் இறக்கிவிட்டு, அடுத்த பார்சலுக்குத் திரும்பிவிடும்.

ஃபோலேட் குறைந்தால் தைமின் தட்டுப்பாடு. டி.என்.ஏ. பிரதி பாதியில் நிற்கும், செல் பிரிய முடியாது. ஆனால் செல்லின் மற்ற வேலைகள் நிற்பதில்லை. ஹீமோகுளோபின் சேர்ந்துகொண்டே போகும், உடல் பெருத்துக்கொண்டே போகும், உள்ளே உட்கரு மட்டும் முதிராமல் இருக்கும். இப்படிப் பெருத்த செல்களில் பல மஜ்ஜையிலேயே அழிந்துவிடும், தப்பி வெளியே வருபவைதான் ரிப்போர்ட்டில் 100-ஐத் தாண்டிய எண்ணாகத் தெரிகின்றன. நாக்கு சிவந்து எரிவது, வாய்ப்புண் வருவது ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். வாயின் உள்தோலும் வேகமாகப் பிரியும் செல்களால் ஆனது.

சென்னையிலிருந்து போனவர்

1941-இல் அமெரிக்காவில் டன் கணக்கில் பசலைக்கீரையை அரைத்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் மருந்துக்கடைக்கு வர வேண்டுமென்றால் அதைத் தொழிற்சாலையில் செய்யத் தெரிய வேண்டும். 1945-இல் அதைச் செய்தது லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இருந்த குழு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்கா போனவர். ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் அண்ணன் தம்பிகளைப் பறிகொடுத்தவர். அந்த நோய்க்கும் பிறகு ஃபோலிக் அமிலமே மருந்துகளில் ஒன்றானது.

அதே ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருந்து அதன் வேலையைக் கெடுக்கும் பொருள்களையும் செய்தார்கள். புற்றுநோய் செல்லும் வேகமாகப் பிரிவதுதானே? அதற்கும் தைமின் வேண்டும். அந்த வழியில் வந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்று ரத்தப் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது. முடக்குவாதத்துக்கு அதை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டு விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த மருந்தோடு ஃபோலிக் அமிலமும் எழுதிக் கொடுப்பார்கள், எந்தக் கிழமை எது என்று சீட்டில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

28 நாளுக்குள்

வேகமாகப் பிரியும் செல்கள் கருவிலும் உண்டு. அங்கே குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகப்போகும் நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அந்தச் சமயத்தில் தாய்க்கு மாதவிலக்கு தள்ளிப்போனது இப்போதுதான் தெரிய வந்திருக்கும், பலருக்குத் தெரிந்தே இருக்காது. குழாய் சரியாக மூடாவிட்டால் குழந்தை தண்டுவடப் பிளவோடு பிறக்கலாம், மண்டையோடு வளராமல் இறக்கலாம். இப்படி ஒரு குழந்தையைப் பெற்ற தாய்மார்களிடம் 7 நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 1991-இல் வெளியானது. ஃபோலிக் அமிலம் சாப்பிட்டவர்களுக்கு மறுபடி அப்படி நேர்வது 72 சதவீதம் குறைந்திருந்தது.

ஆகவே கல்யாணமாகிக் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினம் 400 மைக்ரோகிராம் தொடங்க வேண்டும். குறைந்தது ஒரு மாதம் முன்பு, மூன்று மாதம் முன்பு என்றால் இன்னும் நல்லது. ஏற்கெனவே இந்தக் குறையோடு குழந்தை பிறந்திருந்தாலோ, வலிப்புக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ அளவு வேறு, அதை டாக்டர் சொல்ல வேண்டும். வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்தவே கூடாது.

கர்ப்பத்தின் நாலாம் மாதத்திலிருந்து அரசு தருவது 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரை. தினம் ஒன்றாக 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள். மாநகராட்சி சுகாதார மையத்தில் இலவசம். இலவசம் என்பதாலேயே சிலருக்கு அதன் மேல் மதிப்பில்லை, டப்பாவில் மிஞ்சிக் கிடக்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் கர்ப்பிணிகளில் 100-க்கு 52 பேருக்கு ரத்தசோகை. இன்னும் சிலர் மலம் கறுப்பாகப் போகிறது, குமட்டுகிறது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பு நிறம் இரும்பால் வருவது, பயம் இல்லை. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கிப் பாருங்கள். கட்டிங் சாயோடு மட்டும் வேண்டாம், தேநீர் இரும்பைச் சேரவிடாது. கால்சியம் மாத்திரையையும் இதையும் வேறு வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு உதவும்.

கீரைக்காரியிடமும் அடுப்படியிலும்

மார்க்கெட்டில் பாலக், மேத்தி, முருங்கை எல்லாமே கட்டுக் கட்டாகக் கிடைக்கின்றன. கீரையில் ஃபோலேட் இருக்கிறது, ஆனால் அது தண்ணீரில் கரையும், சூட்டில் சிதையும். கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் சத்தில் பெரும்பங்கு மோரியில் போய்விடும். கழுவி, பிறகு நறுக்கி, கொஞ்சம் தண்ணீரில் சீக்கிரம் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடேயே கடைந்துவிடுங்கள். பேசப்படுவது கீரை என்றாலும் பயறுகள் அதற்குக் குறைந்தவை அல்ல. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, வேர்க்கடலை எல்லாவற்றிலும் ஃபோலேட் உண்டு. மராத்திக்காரர் வீட்டு மட்கிப் பயறு உசளை நம் வீட்டிலும் வாரத்துக்கு இரண்டு நாள் செய்யலாம், சாம்பாரைவிட வேலை குறைவு.

பேரீச்சம்பழம் தப்பில்லை. அதை மட்டும் நம்பி மூன்று மாதம் ஓட்டுவதுதான் தப்பு.

பி12-ஐ விட்டுவிடாதீர்கள்

ஃபோலேட் தன் வேலைக்குத் திரும்ப பி12-இன் துணை வேண்டும். அதனால் பி12 குறைந்தாலும் அணுக்கள் அப்படியேதான் பெருக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பி12 குறைந்தவர் வெறும் ஃபோலிக் அமிலத்தை மட்டும் நிறையச் சாப்பிட்டால் ரத்தம் ஏறிவிடும், ரிப்போர்ட் அழகாக வரும், நரம்புச் சேதம் மட்டும் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். பாதம் மரத்துப்போவது, ஊசி குத்துவது போலிருப்பது, நடையில் தடுமாற்றம், மறதி இவையெல்லாம் அதன் அறிகுறிகள்.

பி12 கீரையிலும் பயறிலும் கிடையாது. மீன், முட்டை, இறைச்சியில் இருக்கிறது, பாலிலும் தயிரிலும் கொஞ்சம் இருக்கிறது. சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், அசிடிட்டி மாத்திரையைத் தினசரிப் பழக்கமாக்கிக்கொண்டவர்கள், 60 வயது தாண்டியவர்கள் பி12 சோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது. குறை இருந்தால் மாத்திரையோ ஊசியோ போதும், பெரிய செலவில்லை.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, தலைசுற்றி விழுந்தாலோ, கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இறங்கினாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.