காது கேட்கும் கருவியைக் கழற்றிய பிறகு வீட்டில் என்ன செய்வது?

கேலாங் பாரு, அல்ஜுனிட் கிரசென்ட், யூனோஸ் கிரசென்ட் போன்ற பழைய அடுக்குமாடி வட்டாரங்களில் மூத்தோர் பலர் வசிக்கின்றனர். அவர்களில் காது மந்தமானவர்களுக்கு ‘ஒரு கருவி வாங்கிக் கொடுத்துவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது’ என்று குடும்பத்தினர் நினைப்பதுண்டு. ஆனால், குளிக்கும்போதும் உறங்கும்போதும் அந்தக் கருவி காதில் இருக்காது. கதவு தட்டப்படுவதும், அடுப்பில் குக்கர் விசில் அடிப்பதும், புகை எச்சரிக்கைக் கருவி அலறுவதும் அந்த நேரத்திலும் நடக்கலாம்.

உலகில் 60 வயதைக் கடந்தவர்களில் 25 விழுக்காட்டினருக்கும் மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு செவித்திறன் குறைபாடு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

கத்திப் பேசினால் போதுமா?

வயதாகும்போது பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகளே முதலில் மறைகின்றன. உயிரொலிகள் கேட்கும், க, ச, த, ப போன்ற மெய்யொலிகள் மங்கிவிடும். அதனால் ‘பால்’ என்றது ‘கால்’ என்று விழும். கத்தினாலும் உயிரொலிதான் பெரிதாகும், மெய்யொலி தெளிவாகாது. முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுவதே பலன் தரும். தொலைக்காட்சியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் பேசுவது இன்னும் நல்லது.

ஒலிக்குப் பதில் ஒளியும் அதிர்வும்

வீட்டுக்கான துணைக்கருவிகள் பெரும்பாலும் ஒலியைப் பெரிதாக்குவதில்லை. அதைக் கண்ணுக்கோ உடலுக்கோ மாற்றித் தருகின்றன.

கதவு மணி: வெளியே ஒரு பொத்தான், உள்ளே மின்செருகியில் மாட்டும் ஒரு பெட்டி. பொத்தானை அழுத்தினால் பெட்டியில் பளிச்சென்று விளக்கு மின்னும். கம்பியில்லா அலைவழி இயங்குவதால் சுவரைத் துளைக்க வேண்டாம். சமையலறைக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என வைக்கலாம். உணவு கொண்டுவரும் தொண்டூழியர் பதில் கிடைக்காமல் திரும்பிப் போவதை இது தவிர்க்கும்.

அதிர்வுக் கடிகாரம்: தலையணைக்கடியில் வைக்கும் வட்டத்தட்டு, குறித்த நேரத்தில் அதிர்ந்து எழுப்பும். மருந்து நேரத்துக்கும் உதவும்.

சமையலறை: விசிலை எண்ணிச் சமைத்துப் பழகியவர்கள், சட்டைப்பையில் உள்ள கைப்பேசியில் நேரம் குறித்து அதிர்வை இயக்கி வைக்கலாம். குறித்த நேரத்தில் தானாக அணையும் மின்அடுப்பு இன்னும் பாதுகாப்பானது.

உரையாடல்: ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு கூகல் 2019ல் வெளியிட்ட ‘லைவ் டிரான்ஸ்கிரைப்’ செயலி, எதிரே இருப்பவர் பேசுவதை உடனுக்குடன் எழுத்தாகக் காட்டும். தமிழிலும் இயங்கும். ஆங்கிலம் கலந்த பேச்சில் அது தடுமாறலாம். அப்போது சற்று நிறுத்திப் பேச வேண்டும்.

உறக்கத்தில் தீ

2018 ஜூன் 1 முதல் சிங்கப்பூரில் புதிய வீடுகளுக்குப் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். வழக்கமான கருவிகள் ஏறக்குறைய 3,000 ஹெர்ட்ஸ் அளவில் கீச்சொலி எழுப்புகின்றன. மூத்தோர் பலருக்கு முதலில் கேளாமல் போவது இந்தச் சுருதிதான். 520 ஹெர்ட்ஸ் அளவிலான தடித்த ஒலி அவர்களை எளிதில் எழுப்புவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

அறவே கேளாதவர்களுக்குப் படுக்கையை உலுக்கும் அதிர்வுக் கருவி தேவை. ஆழ்ந்து உறங்குபவரை எழுப்ப மின்னும் விளக்கு மட்டும் போதாது. இரண்டும் சேர்ந்த கருவியே நல்லது. கைப்பேசிகளிலும் எச்சரிக்கை மணியை அடையாளம் காணும் வசதி உண்டு. ஆனால், அவசர நேரத்தில் அதை மட்டும் நம்பக்கூடாது என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது.

பேச இயலாத நிலையில் குடிமைத் தற்காப்புப் படையை 70995 என்ற எண்ணில் குறுஞ்செய்தி வழி அழைக்கலாம். முன்பதிவு தேவையா என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். ஆபத்து வந்த பிறகு அதற்கு நேரமிருக்காது.

எங்கு தொடங்குவது?

முதலில் செவிப் பரிசோதனை. கேலாங் வட்டாரவாசிகள் கேலாங் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் பேசலாம். சிலருக்குக் காதுக் குறும்பி அடைத்திருப்பதே காரணமாக இருக்கும். 60 வயதைத் தாண்டியோருக்குக் கண், காது, வாய்ச் சுகாதாரத்தைச் சேர்த்துப் பார்க்கும் ‘புராஜெக்ட் சில்வர் ஸ்கிரீன்’ திட்டம் 2018ல் தொடங்கியது.

செலவுக்கு உதவி உண்டு. 60 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள், காது கேட்கும் கருவிக்கு மூத்தோருக்கான நடமாட்ட, உதவி நிதியை நாடலாம். எஸ்ஜி எனேபல் அமைப்பு வழங்கும் உதவித் தொழில்நுட்ப நிதி, தகுதிபெறும் உடற்குறையுள்ளோருக்கு வாழ்நாளில் 40,000 வெள்ளி வரை தரும். குடும்ப வருமானத்தைப் பொறுத்து இரண்டிலும் 90 விழுக்காடு வரை கழிவு கிடைக்கலாம். கருவியை வாங்கிய பிறகல்ல, வாங்குமுன் விண்ணப்பியுங்கள்.

கருவிகளைப் பார்த்து, தொட்டு அறிய லெங்கோக் பாருவில் உள்ள எனேபலிங் வில்லேஜ் செல்லலாம். 1955ல் தொடங்கிய சிங்கப்பூர் காதுகேளாதோர் சங்கம், கேலாங்கிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மவுன்ட்பேட்டன் சாலையில் உள்ளது. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வாங்குவோர், கருவி 230 வோல்ட் மின்சாரத்துக்கும் நம் மூன்று முனைச் செருகிக்கும் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

மாட்டிய பிறகு ஒரு வேலை பாக்கி. அம்மாவோ தாத்தாவோ கருவியைக் கழற்றிவிட்டுப் படுத்திருக்கும்போது, வெளியே போய் மணியை அழுத்திப் பாருங்கள். அவர் எழுந்து வந்து கதவைத் திறந்தால்தான் வாங்கிய பொருள் வேலை செய்கிறது என்று பொருள்.