நெல்வயலின் நச்சு வண்டு

மழைக்காலத்து இரவில் விளக்கொளியை நாடி வீட்டினுள் புகும் பூச்சிகளுள், எறும்போ என ஐயுறத்தக்க மெல்லிய வண்டு ஒன்றுண்டு. நீளம் 7 முதல் 10 மில்லிமீட்டர். தலையும் வயிற்றின் நுனியும் கருமை. மார்பும் எஞ்சிய வயிறும் செம்மஞ்சள். இடையே நீலம் மின்னும் குட்டையான மேற்சிறகுகள். பறத்தற்குரிய சிறகுகள் அவற்றின் அடியில் மடிந்து கிடப்பதால், காண்போர் இதனைச் சிறகற்றதென்றே கருதுவர். பீடரஸ் பஸ்கிபெஸ் என்பது இதன் அறிவியற் பெயர். அச்சுறுத்தினால் தேளைப்போல் வாலை உயர்த்தும். ஆயினும் இதற்குக் கொடுக்கு இல்லை.

ஈரம் மிக்க வயல்களும் வாய்க்காற் கரைகளுமே இதன் உறைவிடம். பெண் வண்டு ஈரமண்ணில் முட்டைகளைத் தனித்தனியே இடும். புழுப்பருவத்திலும் வளர்ந்த பின்னும் இது ஊனுண்ணியே. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையானையும் தத்துப்பூச்சிகளையும் பிடித்துத் தின்பதால், உழவர்க்கு இது கூலி கேளாத காவலாள் எனலாம்.

இக்காவலாளின் உடல்நீரில் கொடிய நஞ்சொன்று கலந்துள்ளது. 1953-ல் இதற்குப் பெடெரின் எனப் பெயரிடப்பட்டது. அதன் இயல்பை ஆராய்வதற்கு ஏறத்தாழ இரண்டரைக் கோடி வண்டுகளைத் திரட்ட வேண்டியிருந்தது! வியப்பு யாதெனில், நஞ்சை ஆக்குவது வண்டன்று. அதனுள் வாழும் சூடோமோனஸ் இனத்துப் பாக்டீரியாவே அதனை ஆக்குகின்றது என 2002-ஆம் ஆண்டளவில் வெளியான ஆய்வுகள் காட்டின. தாய் வண்டு முட்டைகளின் வழியே நஞ்சையும் நுண்ணுயிரையும் மக்கட்கு அளிக்கின்றது. நஞ்சு பெற்ற புழுக்களைச் சிலந்திகள் உண்ண மறுக்கின்றன.

மனிதனுக்குத் துன்பம் நேர்வது வண்டை நசுக்கும்பொழுதுதான். கழுத்தில் ஊர்வதைத் தட்டித் தேய்த்தால் உடல்நீர் தோலிற் படும். உடனே ஒன்றும் தோன்றாது. ஒரு நாள் கழித்து, சாட்டையடி பட்டாற்போல் செந்தடம் தோன்றி, எரிச்சலுடன் கொப்புளிக்கும். இதனை அக்கியென்று தவறாகக் கொள்வாரும் உளர். தேய்த்த கையாற் கண்ணைத் தொட்டால் இமை வீங்கும். 2022 ஜூலையில் சிக்கிமில் மாணவர் பலர் ஒருசேர இவ்வாறு துன்புற்றனர்.

எனவே மேனியிற் கண்ட வண்டை ஊதி விலக்குக; அல்லது தாளொன்றில் ஏற்றி அப்புறப்படுத்துக. நசுங்கிவிட்டால் அவ்விடத்தையும் கைகளையும் தாமதமின்றிச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். கண்ணிற் பட்டிருப்பின் மருத்துவரை நாடுக. கூட்டமாய் வரும் நாட்களில் படுக்கையருகே விளக்கெரியாதிருப்பதும், கொசுவலை கட்டுவதும் நன்று.