கடிகாரத்தில் காணாமற்போன ஒரு மணி

மாத்தளையிலிருந்து வடக்கு நோக்கிச் சில கல் தொலைவு சென்றால் பலாபத்வல என்னும் ஊர் வரும். கண்டியிலே தொடங்கி யாழ்ப்பாணத்திலே முடியும் ஏ-9 பெருவீதி இவ்வூரினூடாகவே செல்கின்றது. நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த அவ்வீதி 2002ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டபோது, இங்கிருந்து வடக்கே பயணஞ் செய்தவர்கள் ஒரு விநோதத்தைக் கண்டார்கள். வவுனியாவைத் தாண்டி ஓமந்தைச் சோதனை நிலையத்தைக் கடந்ததும் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் திருப்ப வேண்டும். வன்னியைக் கடந்து முகமாலைக்கு அப்பால் சென்றதும் அதே அரை மணியை மீண்டும் முன்னுக்குத் திருப்ப வேண்டும். தீவு ஒன்று, வீதி ஒன்று, சூரியனும் ஒன்று. நேரம் மட்டும் இரண்டு!

இவ்விநோதத்தின் வேரை 1996ஆம் ஆண்டிலே தேடவேண்டும். அவ்வாண்டு மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின. நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த நாட்டில் மின்வெட்டு மணிக்கணக்காக நீண்டது. மாலையில் விளக்கெரியும் நேரத்தைக் குறைக்கலாம் என்று கருதி, அரசாங்கம் மே 25ஆந் தேதி நள்ளிரவில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தது. அதுவரை கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியிருந்த இலங்கை ஆறரை மணி முந்திற்று. அது மிகையெனப்பட்டதோ என்னவோ, ஒக்டோபர் 26ஆந் தேதி அரை மணி குறைத்து ஆறாக்கினார்கள். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலோ இம்மாற்றங்கள் ஏற்கப்படவில்லை. அங்கே பழைய ஐந்தரையே நிலைத்தது.

மேனாட்டார் கோடையிற் கடிகாரத்தை முன்தள்ளும் வழக்கத்துக்குக் காரணம் உண்டு. இலண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ எட்டே முக்கால் மணி வேறுபாடு. நம் மாத்தளையிலோ அவ்வேறுபாடு ஒரு மணிகூட இல்லை. கோடைப் பகல் என்ற ஒன்றே நமக்கில்லாதபோது, சேமிப்பதற்குப் பகல் எங்கே? ஆறு மணிக் கணக்கின்படி ஜனவரிப் பிற்பகுதியில் இங்கே சூரியன் உதிக்க ஏறத்தாழ ஏழு மணியாகும். ஏழரைக்குப் பாடசாலையில் இருக்கவேண்டிய பிள்ளைகள் இருட்டிலே புறப்பட்டார்கள், பெற்றோர் முணுமுணுத்தார்கள். ஒன்பதரை ஆண்டுகள் கழித்து, 2006ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டையொட்டி, ஏப்ரல் 15ஆந் தேதி நள்ளிரவு கடந்து அரை மணிக்குக் கடிகாரம் மீண்டும் பன்னிரண்டுக்குத் திருப்பப்பட்டது. இலங்கை பழைய ஐந்தரைக்கு மீண்டது.

சுவர்க் கடிகாரத்தைத் திருப்ப ஒரு நாற்காலி போதும். கணினி அவ்வாறன்று. வங்கிகளிலும் அலுவலகங்களிலும் பல கணினிகளுக்குப் பணிபுரியும் சேவையகம், பெரும்பாலும் 1970 ஜனவரி முதல் நாள் கிரீனிச் நள்ளிரவிலிருந்து கழிந்த விநாடிகளையே எண்ணிக்கொண்டிருக்கும். அதற்கு விடியலும் இல்லை, அந்தியும் இல்லை. நமக்கு மணி காட்டவேண்டியபோதுதான் ஓர் அட்டவணையைப் புரட்டி, இவ்வூருக்கு எவ்வளவு கூட்டவேண்டும் என்று பார்க்கின்றது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் 1980களிலே தொடங்கிய அவ்வட்டவணையில், லினக்ஸ் முதலிய முறைகளுக்காக, நமக்குரிய வரிசை ‘ஆசியா/கொழும்பு’ என்பதாகும். 1906இல் ஐந்தரை மணி நடைமுறைக்கு வந்தது முதல், போர்க்காலமாகிய 1942 ஜனவரியில் அரை மணியும், செப்டெம்பரில் மேலும் அரை மணியும் கூட்டி, 1945 ஒக்டோபரில் மீட்டது வரை எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. வன்னியின் அரை மணிக்கு மட்டும் அதிலே தனி வரிசை இல்லை.

2006இல் விண்டோஸ் கணினிகள் பட்ட பாடு வேறு. அவற்றின் பட்டியலில் ‘ஸ்ரீ ஜயவர்த்தனபுர’ என்ற பெயருக்கு நேரே ஆறு மணி என்றே பொறிக்கப்பட்டிருந்தது. திருத்தம் வந்துசேரும் வரை, சென்னை, கொல்கத்தா, மும்பாய், புதுடில்லி என்றிருந்த இந்திய வரியைத் தெரிந்தெடுத்துக் கொள்வதே எளிய வழியாயிற்று. எளிய வழியிலும் ஒரு முள் உண்டு. அக்காலத்து விண்டோஸ் பழைய வரலாற்றை அறியாது. இன்றைய வேறுபாட்டையே நேற்றைக்கும் பொருத்தும். 2003இல் காலை ஒன்பதுக்கு எழுதிய கடிதம் எட்டரைக்கு எழுதியதாகக் காட்டப்படும். பலர் செய்ததுபோல், வலயத்தை விட்டுவிட்டுக் கடிகார முள்ளை மட்டும் திருப்பிக்கொண்டவர்கள் நிலை இதனினும் மோசம்; கிரீனிச் கணக்கே பிழைத்து, அயல்நாட்டுக்கு அனுப்பிய மின்னஞ்சல் அரை மணி முன்னதாக எழுதப்பட்டதுபோல் போய்ச் சேரும்.

நம் உறவினர் வாழும் கனடாவிலோ இத்தொல்லை ஆண்டுக்கு இருமுறை. ரொறன்ரோவில் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று அதிகாலை இரண்டு மணி திடீரென மூன்றாகும். இரண்டரை என்பதே அன்று இல்லை. நவம்பர் முதல் ஞாயிறன்று ஒன்றரை மணி இருமுறை வரும். சம்பளக் கணக்கை இரவு ஒன்றரைக்குச் செய்யென்று உள்ளூர் நேரப்படி ஆணையிடப்பட்ட கணினி, முன்னெச்சரிக்கை இல்லாவிடில் அதை இருமுறை செய்தாலும் வியப்பில்லை. 2007இல் அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும் இந்நாட்களையே மாற்றியமைத்தபோது எண்ணற்ற கணினிகளுக்கு அட்டவணை புதுப்பிக்க வேண்டியதாயிற்று. ஆதலால் சேவையகத்தைக் கிரீனிச் கணக்கிலேயே ஓடவிட்டு, மனிதர் பார்வைக்கு மட்டும் ஊர் நேரத்தைக் காட்டுவதே விவேகிகள் கைக்கொள்ளும் முறை. கணினி பயிலும் மாணவர்கள் ஐந்தரை என்ற எண்ணை எழுதாமல் ஊர்ப் பெயரை எழுதப் பழகுவது நன்று. எண்ணுக்கு வரலாறு தெரியாது.

இதெல்லாம் அலுவலகத்தார் கவலை என்று குடும்பத்தினர் இருந்துவிட முடியாது. எம் உறவினர் மகள் ஒருத்தி 1996 யூலை முற்பகுதியில், காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குப் பிறந்தவள். கலியாணப் பேச்சு எழுந்தபோது, கணினியில் ஜாதகம் கணித்துத் தரும் ஓரிடத்தில் கொடுத்தார்கள். கடக லக்கினம் என்று அச்சாகி வந்தது. பொருத்தமும் பார்த்தாயிற்று; மாப்பிள்ளை வீட்டாருக்கும் திருப்தி. அப்போது பலாபத்வலையில் வசிக்கும் முதிய சோதிடர் ஒருவர், பிறந்த திகதியைக் கண்டதும் நெற்றியைச் சுருக்கி, “அம்மா, அது கூட்டின மணியெல்லோ?” என்றார்.

கணினி எல்லா ஆண்டுக்கும் ஐந்தரை என்றே கணித்திருந்தது. உண்மையில் அன்று ஆறரை. ஆகவே அவள் பிறந்தது பழைய கணக்கில் ஆறு மணி ஐந்து நிமிடம். ஒரு ராசி உதிக்க ஏறத்தாழ இரண்டு மணியாதலால், ஒரு மணிப் பிழை என்பது அரை ராசிப் பிழை. லக்கினம் கடகமன்று, மிதுனம். சந்திரன் ஒரு மணியில் அரைப் பாகையளவே நகர்வதால் நட்சத்திரம் மாறவில்லை. ஆனால் லக்கினத்துக்குப் பதினோராம் வீட்டில் இருந்த செவ்வாய் பன்னிரண்டாம் வீட்டுக்கு வந்துவிட்டது. பன்னிரண்டிற் செவ்வாய் என்றால் தோஷமன்றோ! தாயின் முகம் வெளிறிற்று. பிழையான ஜாதகத்தையே வைத்துக்கொண்டால் என்ன என்றுகூட ஒருவர் மெல்லச் சொன்னார்.

சோதிடர் அதற்கு இசையவில்லை. பன்னிரண்டாம் வீடு இடபமானால் அத்தோஷம் இல்லையென்பது தம் நூல் விதி என்று சொல்லி, மாப்பிள்ளை வீட்டாரிடம் இரண்டு ஜாதகங்களையும் கொண்டுபோய்க் காட்டும்படி கூறினார். சோதிடத்தில் எமக்குள்ள நம்பிக்கை வேறு விஷயம். அவருடைய கணக்கு நேரிது. அவர்களும் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்கள். பிறகு அம்முதியவர் தம் மேசை இழுப்பறையிலிருந்து மடித்து மங்கிய ஒரு தாளை எடுத்தார். அதில் 1942 முதல் 2006 வரை கடிகாரம் திருப்பப்பட்ட ஒவ்வொரு நாளும் மைப்பேனாவால் எழுதப்பட்டிருந்தது.