கண்டுபிடிக்கவென்றே ஒளித்து வைப்போம்!

ஒளித்துப் பிடித்து விளையாடும் பிள்ளைகளைச் சற்று நேரம் கவனித்துப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். தேடுபவர் நெருங்க நெருங்க அதன் மகிழ்ச்சி கூடும். பிடிபட்டதும் வீடே அதிரும்படி கூச்சலிடும். ஆனால், யாராலும் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் போய் ஒளிந்த பிள்ளையின் நிலை வேறு. தேடியவர்கள் அலுத்துப்போய் வேறு விளையாட்டுக்குச் சென்றுவிடுவார்கள். வென்ற பிள்ளையோ இருட்டில் தனியே காத்திருந்துவிட்டு, கடைசியில் கண்கலங்கியபடி தானாகவே வெளியே வரும்.

ஒளிப்பதன் இன்பம் கண்டுபிடிக்கப்படுவதில்தான் இருக்கிறது. பிள்ளைகள் இதை விளையாட்டிலேயே கற்றுக்கொண்டு விடுகிறார்கள். உலகெங்கும் பெரியவர்களும் குடும்பம் குடும்பமாக விளையாடும் ஒளித்தல் விளையாட்டு ஒன்றும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. ஜியோகேஷிங் என்பது அதன் பெயர். 'ஜியோ' என்றால் புவி. 'கேஷ்' என்றால் மறைத்து வைத்த பொருள்.

வாளியில் பிறந்த விளையாட்டு

செய்மதிகளின் உதவியால் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் ஜீ.பி.எஸ். முறையை உருவாக்கியது அமெரிக்க இராணுவம். பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் அது வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. இதனால் கருவி காட்டும் இடம் 100 மீற்றர் வரை தவறக்கூடியதாயிருந்தது. 2000ஆம் ஆண்டு மே முதலாம் திகதி அப்போதைய ஜனாதிபதி பில் கிளின்டன் அந்தப் பிழையை நீக்குவதாக அறிவித்தார். ஓர் இரவுக்குள் சாதாரண மனிதரின் கையிலிருந்த கருவியும் சில மீற்றருக்குள் இடத்தைச் சொல்லத் தொடங்கியது.

மே 3ஆம் திகதி, ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிறீக் என்ற ஊருக்கு அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்தார். அதற்குள் புத்தகங்கள், ஒரு கவண், ஒரு போஞ்சி விதை டின், ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில் போன்றவை இருந்தன. இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இணையத்தில் அறிவித்தார். 'ஒன்றை எடுத்தால் ஒன்றை வையுங்கள். வந்து சென்றதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்' என்பதே அவரது விதி. மூன்று நாட்களுக்குள் இருவர் அதைக் கண்டுபிடித்து விட்டனர். அதே ஆண்டு செப்டெம்பரில் இதற்கென ஓர் இணையத்தளம் ஆரம்பமானபோது பதிவிலிருந்தவை வெறும் 75 பெட்டிகளே. இன்றோ முப்பது இலட்சத்துக்கும் மேல்! நம் நாட்டிலும் சில உள்ளன. ஜீ.பி.எஸ். வசதியுள்ள கையடக்கத் தொலைபேசி ஒன்றே தேடுவதற்குப் போதும்.

இத்தனை பெட்டிகள் இருந்தும், தேடுபவர்களின் மனதில் ஆண்டுக்கணக்கில் நிற்பவை சிலவே. பெரும்பாலானவை மறுநாளே மறந்துபோகின்றன. வேறுபாடு எங்கே இருக்கிறது? பெட்டிக்குள் இருக்கும் பரிசில் அல்ல. அநேகமாக அது ஒரு சிறு பொம்மையாகவோ சில்லறைப் பொருளாகவோதான் இருக்கும். சிலவற்றில் பெயர் எழுதும் காகிதத் துண்டைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. ஒளித்தவர் தேடி வருபவரை எவ்வளவு தூரம் நினைத்துப் பார்த்தார் என்பதிலேயே வேறுபாடு இருக்கிறது.

இடமே பரிசு

அமெரிக்காவில் வாகனத் தரிப்பிடங்களின் மின்விளக்குக் கம்பங்களுக்கு அடியில் தகர மூடி ஒன்று இருக்கும். அதைத் தூக்கினால் உள்ளே ஒரு பிலிம் டப்பா! இப்படி ஒளிக்கப்பட்டவை ஏராளம். முதல் தடவை காண்பவர் வியப்பார். பத்தாவது தடவை அலுத்துக்கொள்வார். கடை வாசலைப் பார்ப்பதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று எண்ணுவார்.

நல்ல பெட்டி ஒருவரைத் தானாகப் போயிராத இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. ஒரு பழைய பாலம், யாரும் ஏறாத ஒரு குன்று, ஊராரே மறந்துபோன ஒரு நீரூற்று. பெட்டி கிடைக்காவிட்டாலும் வந்த பயணம் வீண் என்று தோன்றாது. 'இந்த இடத்தை ஒரு விருந்தாளிக்குக் காட்ட நான் ஆசைப்படுவேனா?' ஒளிக்கப்போகிறவர் தன்னிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான்.

அதற்காக இலகுவான பெட்டிகளை இகழ்ந்துவிடக் கூடாது. இந்த விளையாட்டில் ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு அளவீடுகள் உண்டு. கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பது ஒன்று; போய்ச் சேரும் பாதை எவ்வளவு கடினம் என்பது மற்றது. இரண்டுமே 1 முதல் 5 வரை. பாதைக்கு 1 என்றால் சக்கர நாற்காலியில் வருபவரும் அடையலாம் என்று பொருள். கைக்குழந்தையுடன் வரும் தாய்க்கும் முழங்கால் வலியுள்ள முதியவருக்கும் அப்படியொரு பெட்டி பெரும் மகிழ்ச்சி தரும். ஆனால் அளவீடு உண்மையாக இருக்க வேண்டும். இலகு என்று எழுதிவிட்டு முள்வேலிக்குள் வைப்பது ஏமாற்று.

நொடி போல இருக்க வேண்டும்

கற்குவியல் ஒன்றின் நடுவே விரலளவு டப்பாவைப் போட்டுவிட்டு 'தேடு' என்பதில் எந்தத் திறமையும் இல்லை. தேடுபவர் ஒவ்வொரு கல்லாகப் புரட்டிக் களைத்துப்போவார். கிடைத்தாலும் எரிச்சலே மிஞ்சும்.

நல்ல ஒளிப்பு நம் மூத்தம்மாமார் போடும் நொடியைப் போன்றது. விடை முதலிலிருந்தே கண்முன்னால்தான் இருக்கும். தெரிந்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டு, "அட, இதுவா!" என்போம். இரும்புப் பாலத்தில் இருக்கும் பல ஆணிகளில் ஒன்று மட்டும் உள்ளே குடைந்த போலி ஆணி, காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்துத் தடவை அதைக் கடந்து சென்றவர் பதினோராவது தடவை நின்று பார்க்கிறார். இங்கே தேடியவர் தோற்கடிக்கப்படவில்லை. பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

குறிப்பு கொடுப்பதிலும் ஓர் அழகான முறை உண்டு. ஒளித்தவர் எழுதும் துப்பில் ஒவ்வொரு ஆங்கில எழுத்தும் 13 இடம் தள்ளி மாற்றப்பட்டிருக்கும். வேண்டாதவர் பார்க்காமல் தேடலாம். தவிப்பவர் எழுத்துகளை மாற்றி வாசித்துக்கொள்ளலாம். பிறரது முயற்சியையும் மதித்து, இயலாதவருக்கும் வழி வைக்கும் பண்பு இது.

அமானிதம்

எண்கள் சரியாக இருப்பது அதிமுக்கியம். இடத்தைப் பாகையிலும் கலையிலும், கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறிப்பார்கள். அகலக்கோட்டில் ஒரு கலை 1852 மீற்றர் எனின், ஆயிரத்தில் ஒரு பங்கு இரண்டு மீற்றருக்கும் குறைவு. கடைசிக்கு முந்திய இலக்கத்தில் ஒன்று பிசகினால், தேடுபவர் 18 மீற்றர் தள்ளி நின்று வேறொருவரின் பூப்பாத்தியை மிதித்துக்கொண்டிருப்பார். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் வெவ்வேறு நாட்களில் பலமுறை அளந்து சராசரி எடுக்கிறார்கள்.

அடுத்தது பெட்டி. மழை புகுந்து கூழாகிப்போன குறிப்பேட்டைக் காண்பதைப் போன்ற ஏமாற்றம் வேறில்லை. இறப்பர் விளிம்பு வைத்த, இறுக மூடும் பெட்டியே ஏற்றது. உணவுப்பொருள் வைக்கக் கூடாது. விலங்குகள் மோப்பம் பிடித்துப் பெட்டியையே உடைத்துவிடும். முதல் வாளியில் போஞ்சி டின் இருந்தாலும், இன்றைய விதி அதை அனுமதிப்பதில்லை. மண்ணைத் தோண்டிப் புதைப்பதும் கூடாது. ஒரு பெட்டிக்கும் மற்றதற்கும் இடையே குறைந்தது 161 மீற்றர் இருக்க வேண்டும். இடத்துக்கு உரியவரின் அனுமதியும் அவசியம்.

வைத்ததோடு கடமை முடிவதில்லை. இடைக்கிடை சென்று பார்க்க வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் எங்கிருந்தோ நம் சொல்லை நம்பிப் பணமும் நேரமும் செலவழித்து வருகிறார். அந்த நம்பிக்கை ஓர் அமானிதம் அல்லவா?

அச்சம் தரும் இடம் வேண்டாம்

2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், தேநீர்க்கடை ஒன்றின் முன்னால் ஒருவர் ஒரு பெட்டியை மறைத்து வைப்பதைக் கண்டவர்கள் வெடிகுண்டோ என்று அஞ்சினர். தெரு மூடப்பட்டது, இராணுவ நிபுணர்கள் வந்து அதை வெடிக்கவைத்தனர். பார்த்தால் அது ஜியோகேஷிங் பெட்டி!

தூரத்திலிருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். யுத்த காலத்தில், பஸ்ஸில் ஆளில்லாத பொதியைக் கண்டு பதறி இறங்கிய நமக்கு அப்படியல்ல. 2019 ஏப்ரலுக்குப் பின்னரும் அந்தப் பதற்றத்தை நாம் அறிவோம். பள்ளிவாசல், பாடசாலை, ஆஸ்பத்திரி, நிலையம் போன்றவற்றின் அருகே எந்தப் பெட்டியையும் ஒளிக்கக் கூடாது. ஒருவரின் விளையாட்டு இன்னொருவரின் அச்சமாக மாறினால் அது விளையாட்டல்ல.

வீட்டுத் தோட்டத்திலேயே விளையாடலாம்

இதற்குச் செய்மதி அவசியமில்லை. விடுமுறை நாளில் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் போதும். ஒரு பிஸ்கட் டின்னில் சிறு கொப்பியும் பென்சிலும் ஏதேனும் சிறு பொருளும் வையுங்கள். 'மாமரத்திலிருந்து கிப்லாத் திசையில் 12 எட்டு. பின் வலப்பக்கம் 5 எட்டு' என்று வழி எழுதுங்கள். நம் நாட்டிலிருந்து கிப்லா நேர் மேற்கு அல்ல, சற்று வடக்கே சாய்ந்தது என்பதைப் பிள்ளைகள் அன்றே கற்றுக்கொள்வார்கள்.

கிணற்றடியும் புற்றும் மதிலோட்டைகளும் வேண்டாம். கையை நுழைக்காமல் கண்ணால் காணக்கூடிய இடமாக இருக்கட்டும். விளையாட்டு முடிந்ததும் டின்னை மறக்காமல் எடுத்துவிடுங்கள். மூடி கழன்ற டின்னில் மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு வளரும். போகிற வழியில் கிடக்கும் குப்பையையும் பொறுக்கி வரச் சொல்லுங்கள். உலகெங்கும் இந்த விளையாட்டுக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். பாதையிலுள்ள இடையூறை அகற்றுவதை ஈமானோடு சேர்த்துச் சொல்லும் மார்க்கத்தினரான நமக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பின்னர் முக்கியமான ஒன்றைச் செய்யுங்கள். அடுத்த வாரம் ஒளிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். முதலில் அது யாருக்கும் எட்டாத இடத்தைத்தான் தேடும். "தங்கச்சியின் கைக்கு எட்டுமா? வாப்பா குனிந்து பார்க்க முடியுமா?" என்று மட்டும் கேட்டு வையுங்கள். பிள்ளை சற்று யோசிக்கும். டின்னை ஒரு படி கீழே இறக்கி வைக்கும்.

பிறரின் கண்ணாலும் காலாலும் உலகைப் பார்க்க அந்தப் பிள்ளை தொடங்கிவிட்டது. தங்கச்சி டின்னைத் தூக்கிக்கொண்டு கூச்சலிட்டு ஓடிவரும்போது, ஒளித்த பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். இருவரில் யாருக்குப் பரிசு கிடைத்தது என்று உங்களால் சொல்ல முடியாது.