கண்ணுக்குத் தெரியாத கம்பி

வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் ஜன்னல் கம்பியைத் தடவினால் விரலில் துரு ஒட்டும். கடலாடி வட்டாரத்துக் கடலோரக்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். வீட்டுக் கேட்டுக்கு வருஷாவருஷம் பெயின்ட் அடிக்கிறோம். காருக்கு அடியில் ஓடும் ஹேண்ட் பிரேக் கேபிளை யார் பார்க்கிறோம்?

காலால் மிதிக்கும் பிரேக், குழாயில் இருக்கும் எண்ணெயின் அழுத்தத்தால் வேலை செய்கிறது. எண்ணெய் ஒழுகிவிட்டால் அது கைவிடலாம். ஹேண்ட் பிரேக்குக்கு எண்ணெயும் வேண்டாம், இன்ஜினும் ஓட வேண்டாம். லீவரைத் தூக்கும்போது ‘கடக் கடக்’ என்று கேட்கிறதே, அது ஒரு கொக்கி பல் பல்லாக ஏறி விழும் சத்தம். கையை எடுத்தாலும் லீவர் இறங்காமல் அந்தக் கொக்கிதான் பிடித்துக்கொள்கிறது. நுனியில் உள்ள பட்டனை அமுக்கினால் கொக்கி விலகும். லீவர் இழுக்கும் எஃகுக் கம்பி, பெரும்பாலான கார்களில், இரண்டாகப் பிரிந்து பின்சக்கரங்களுக்குப் போகிறது. அங்கே டிரம்முக்குள் இருக்கும் இரண்டு பிரேக் ஷூக்களையும் அகட்டி, டிரம்மின் உட்சுவரோடு நெருக்குகிறது. புதுக் கார்கள் சிலவற்றில் லீவருக்குப் பதில் சுவிட்ச். இழுக்கிற வேலையை மோட்டார் செய்கிறது.

அந்தக் கம்பிக்குத்தான் உப்புக்காற்று எமன். மேலுறை கிழிந்த இடத்தில் ஈரம் புகுந்தால் உள்ளே இழைகள் துருப்பிடிக்கும். கம்பி ஒருநாள் அறுந்துபோகலாம். அல்லது உறைக்குள்ளேயே இறுகிவிடலாம். அப்போது லீவரை இறக்கினாலும் ஷூ விடாது. சக்கரம் சூடேறிக் கருகல் வாடை வரும்.

‘இங்கே தரை சமமாத்தானே கிடக்கு, கியர்ல போட்டாப் போதும்’ என்பவர்கள் உண்டு. கியரில் நிறுத்துவது நல்லதுதான். ஆனால் அதையே நம்பி லீவரைத் தொடாமல் விட்டால், அசையாத கம்பியில் துரு நிம்மதியாகக் குடியேறும். அப்படிப்பட்ட கார் சரிவில் நிற்பதுதான் என் பெரிய கவலை. 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம், அடியில் படகு போவதற்காக நடுவில் உயர்ந்து நிற்கிறது. கடல் பார்க்க அந்தச் சரிவில் காரை நிறுத்திக் குடும்பத்தோடு இறங்குகிறார்கள். அங்கே நிறுத்துவதே தவறு. இழுக்காமலே விட்டுவைத்த ஹேண்ட் பிரேக்கை நம்பி நிறுத்துவது இன்னும் பெரிய தவறு.

ஓடும்போது கால் பிரேக் போனால் லீவரைச் சட்டென்று இழுக்காதீர்கள், பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். பட்டனை அமுக்கியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள்.

அடுத்த சர்வீஸில், ஆயில் மாற்றச் சொல்வதோடு, வண்டியைத் தூக்கிக் கேபிளையும் பார்க்கச் சொல்லுங்கள்.